தூண்டிற்காரரின் மீனறிவும் அகராதிப் பொருளும்: தமிழக நன்னீர் மீன்களை இனங்காணும் முறை

திறவுச்சொற்கள்: நன்னீர் மீன், தூண்டில், மீன்பெயர், அகராதியியல், கெண்டை, கெளுத்தி, வரால்

முன்னுரை

பழந்தமிழ்ச் செய்யுட்களில் மீன்பெயர் வருமிடத்து உரைகளிலும் கையகராதிகளிலும் ‘ஒருவகை மீன்’ என்ற பொருளே பெரும்பாலும் தரப்படுகிறது. இப்பொருள் பிழையன்று, ஆயின் அதனைக் கொண்டு எவரும் ஒரு மீனை இனங்காண இயலாது. ஏரிக்கரையில் தூண்டிலிடுவோரோ தக்கை அமிழும் விதத்தையும் கையிலகப்பட்ட உடலையும் கொண்டே பெயர் சொல்லிவிடுகின்றனர். அவ்வறிவு எவ்வரிசையில் அமைகிறது, மீன்பெயர் எவ்விடத்து அதற்குத் துணையாகிறது, எவ்விடத்து வழிதவறச் செய்கிறது என்பதனை இக்கட்டுரை விளக்குகிறது.

தோலும் மீசையும்

புதிதாகத் தூண்டில் பிடிப்பவர் நிறத்தைக் கொண்டு மீனை அறிய முற்படுவது இயல்பு. நிறமோ நீரின் கலங்கலுக்கும் பருவத்திற்கும் ஏற்ப மாறுவது. ஆதலின் செதில் உண்டா இல்லையா என்பதே முதலில் காணத்தக்கது. செதிலின்றி வழுவழுப்பான தோலும் நீண்ட மீசையும் உடையன கெளுத்திக் கூட்டத்தைச் சார்ந்தவை. இலக்கிய வழக்கிலுள்ள கெளிறு என்னும் சொல்லும் இதனையே குறிக்கும்.

இக்கூட்டத்துள் வேறுபாடு அறிவது கைக்குக் காவலுமாகும். நான்கு இணை மீசை பலவற்றுக்கும் பொது. முதுகுத்துடுப்பே அவற்றைப் பிரித்துக் காட்டும். சிறு கெளுத்திகளுக்கு முதுகுத்துடுப்பின் முன் வலிய முள்ளும், அதற்குப் பின்னே வால்புறமாகக் கொழுப்பாலான சிறு துடுப்பொன்றும் உண்டு. தேளிக்கு முதுகுத்துடுப்பு மிகக் குறுகியது. அதில் முள் இல்லை. முதுகில் முள்ளில்லை எனக் கருதி அதனைப் பற்றுவோர் கையில் ஏறுவது மார்புத்துடுப்பின் முள். அம்முள் நச்சுச் சுரப்புடையது; குத்தினால் கடுவலி உண்டாகும். தேளை நினைவூட்டும் அப்பெயர் அறிமுகமற்றவருக்கு விடுக்கும் எச்சரிக்கையாகவே நிற்கிறது. அகராதியில் இப்பெயருக்கும் ‘ஒருவகை மீன்’ என்று எழுதுவது எத்துணைப் போதாமை என்பது சொல்லாமலே விளங்கும்.

வாயின் அமைப்பும் நீர்நிலையும்

கங்கை முதலிய வடபுல ஆறுகளிலிருந்து கொணரப்பட்டு இன்று தமிழக ஏரிகளில் நிறைந்திருக்கும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் செதிலுடையன. தொலைவிலிருந்து நோக்குவார்க்கு இவை ஒன்றுபோலவே தோன்றும். இவற்றைப் பிரித்தறிய வாயை நோக்குதல் வேண்டும். கட்லாவின் தலை பெரிது, கீழ்த்தாடை மேனோக்கி நிற்கும், மீசை இல்லை. மேல்மட்டத்தில் இரை கொள்ளும் மீனுக்கு அவ்வமைப்பே பொருந்தும். ரோகின் உதடுகள் தடித்து ஓரத்தில் குஞ்சம்போல் நறுக்குண்டவை. அது இடைமட்டத்தில் மேய்வது. மிர்கால் மழுங்கிய மூக்கும் அகன்ற வாயும் உடையதாய் அடிமண்ணில் இரை தேடும். எனவே தக்கையிலிருந்து முள் எவ்வளவு ஆழத்தில் தொங்குகிறது என்பதே மேலே வரப்போகும் மீனை ஓரளவு முன்னுரைத்துவிடுகிறது. வாயோரத்தில் இரண்டிணை மீசை இருப்பின் அது சாதாக் கெண்டை.

வராலும் பார்ப்பும்

பேச்சில் விரால் எனப்படும் வராலுக்குப் பாம்புத் தலையும், உருண்டு நீண்ட உடலும், முதுகு முழுதும் ஓடும் துடுப்பும் உண்டு. குரவையும் இவ்வடிவினதே, எனினும் அளவிற் சிறியது, உடலில் கரும்புள்ளிகள் கொண்டது. செதில் கண்டு கெண்டை என மயங்குவார்க்கு முதுகுத்துடுப்பின் நீளமே மறுப்பு.

வராலை நீரினுள்ளேயே இனங்காணவும் ஒரு வழியுண்டு. செந்நிறக் குஞ்சுகள் மேற்பரப்பில் திரளாக எழுந்தமிழும். அவற்றின் கீழே தாய்தந்தையர் காவல் நிற்கும். இளமைப் பெயராகிய ‘பார்ப்பு’ மீனவர் வழக்கில் இதற்கு இன்றும் ஆளப்படுவது சொல்லாய்வார் கருதத்தக்கது. அத்திரளருகே தவளையை இரையாக வீசினால் காவல் மீன் சீறிக் கவ்வும். அதனைக் கண்டறியும் திறமே அதன் குஞ்சுகளைக் காவலற்றனவாக்கும் என்பதனால், இவ்வடையாளத்தை அறிந்தோர் அக்காலத்தில் தூண்டிலைச் சுருட்டிக்கொள்வதே முறை.

பெயர் வழிதவறும் இடங்கள்

ஜிலேபிக் கெண்டை கெண்டையன்று. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மீன் 1952இல் இந்தியாவிற்குக் கொணரப்பட்டது. செதிலுடைய புதுமீனுக்குப் பழகிய கூட்டப்பெயரையே மக்கள் பின்னொட்டாக்கினர். முதுகுத்துடுப்பின் முற்பாதி முழுதும் முட்களாயிருத்தலும், பக்கக்கோடு இடையில் அறுந்து இரண்டாகத் தோன்றுதலும் இதன் அடையாளங்கள். பெண்மீன் முட்டையையும் குஞ்சையும் வாயிலே காப்பதால், சிலவேளை முள்ளை எடுக்கும்போது வாயிலிருந்து குஞ்சுகள் உதிரும்.

ஆப்பிரிக்கக் கெளுத்தியிலோ கூட்டப்பெயர் சரியானது, பண்பு வேறு. நம் நாட்டு இனத்தைப் போலவே இதற்கும் முதுகு நெடுகத் துடுப்புண்டு. ஆயின் இது ஒரு மீட்டரையும் கடந்து வளரக்கூடியது, பக்கங்களில் திட்டுத்திட்டான நிறமுடையது, பிற மீன்களைப் பெருந்தீனியாகக் கொள்வது. இந்தியாவில் இதனை வளர்க்கத் தடையுள்ளது. குஞ்சுப் பருவத்தில் இரண்டையும் பிரித்தறிதல் கடினம். நாட்டு மீன் என்றெண்ணி உயிருடன் ஏரியில் விடும் ஒருவரின் மயக்கம் அவ்வேரியின் சிறுமீன்களுக்கே தீங்காகும்.

செய்யுளிற் பயன்

கண்ணுக்கு உவமையாகும் கயல், சேல், கெண்டை ஆகியவற்றைக் கொண்டு இனத்தைத் துணிய இயலாது; அங்கே புலவர்க்கு வேண்டியது பிறழ்ச்சியும் ஒளியுமே. வாழிடமும் செயலும் கூறப்படும் இடங்களே பயன் தருவன. குறுந்தொகை 25ஆம் பாடலில் குருகு நோக்கியிருக்கும் ஆரல், கூரிய மூக்கும் முதுகில் சிறுமுட்களின் வரிசையும் உடைய, இன்று ஆரால் எனப்படும் நீண்ட மீனோடு பொருந்துகிறது. அந்நூலின் 8ஆம் பாடலில் மாங்கனியைக் கவ்வும் வாளையோ மிகுந்த கவனத்திற்குரியது. கடற்கரையார் இன்று வாளை என்பது நாடாப் போன்ற வெள்ளிநிறக் கடல்மீன். பாடலிலுள்ளதோ வயல்சூழ் பொய்கையின் மீன். செதிலற்ற உடல், இரண்டிணை மீசை, கண்ணைக் கடந்து பிளக்கும் வாய், சிறு முதுகுத்துடுப்பு, வால்வரை நீளும் அடித்துடுப்பு என்று நன்னீர் வாளைக்குத் தூண்டிற்காரர் கூறும் அடையாளங்களை ஒரு வரியில் சேர்த்துவிட்டால், இப்பாடலைக் கற்கும் மாணவர் கடல்மீனை எண்ணி மயங்க இடமிராது.