ஒரே டூரில் நாலு சீதோஷ்ணம்... உடம்பு தாங்குமா?

கோடை லீவு விட்டால் போதும்... "டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர், ஹரித்துவார், பத்ரிநாத்... எல்லாத்தையும் ஒரே மூச்சில பார்த்துட்டு வந்துடலாம்!" என்று வீட்டில் திட்டம் தயாராகிவிடும். ரயில் டிக்கெட், லாட்ஜ், நம்ம ஊர்ச் சாப்பாடு கிடைக்குமா என்பது வரை விசாரிப்பார்கள். ஆனால், "இன்னிக்கு 44 டிகிரி வெயில், நாலு நாள் கழிச்சு பனி... இது அப்பா உடம்புக்கு ஒத்துக்குமா?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இதைப் புரிந்துகொள்ள டெல்லி வரை போக வேண்டாம். எங்கள் ஒட்டன்சத்திரத்திலிருந்து கொடைக்கானல் போய் வந்தாலே போதும்.

மே மாதம் எங்கள் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை ஏற்றுகிறவர்களின் பனியன் காலை ஒன்பது மணிக்கே நனைந்திருக்கும். அங்கிருந்து கிளம்பி, பழனி வழியாகவோ வத்தலக்குண்டு வழியாகவோ மலை ஏறினால், அன்று மதியமே ஸ்வெட்டர் தேடுவீர்கள். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி அளவுக்குக் குளிர் கூடும் என்பது பொதுக் கணக்கு.

இந்த நாலைந்து மணி நேரத்தில் உடம்புக்குள் என்ன நடக்கிறது? வியர்வை நின்றுபோகிறது. தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. ரத்த அழுத்தம் ஏறுகிறது. சிறுநீர் அதிகமாகப் பிரிகிறது, ஆனால் தாகம் எடுப்பதில்லை. ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சுக்குழல் இறுகுகிறது. இளவட்டங்கள் இதைச் சமாளித்துவிடுவார்கள். அறுபதைத் தாண்டியவர்களும், சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களும்தான் திணறிப்போகிறார்கள்.

சித்த மருத்துவம் நிலத்தை வைத்தே நோயைச் சொல்கிறது. குறிஞ்சியில் கபமும் காய்ச்சலும், முல்லையில் பித்தம், நெய்தலில் வாதம், பாலையில் மூன்றும் சேர்ந்து வரும். மருதம்தான் உடம்புக்கு இதமானது என்பது பாடம். பாளையங்கோட்டைக் கல்லூரியில் இதை மனப்பாடம் செய்தபோது பெரிதாகத் தெரியவில்லை. பஸ் பஸ்ஸாக டூர் போய்த் திரும்புகிறவர்களைப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் அருமை புரிகிறது. (ஒரு வேடிக்கை... 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் பங்களா கட்டிக் குடியேறியதே, சமவெளியின் மலேரியாவுக்கும் வெயிலுக்கும் பயந்துதான்!)

சரி, வடக்கே எப்போது போகலாம்?

மே மாதம் டெல்லியும் ஜெய்ப்பூரும் சுடுகாடு போலக் கொதிக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே மழை. இமயமலைப் பாதைகளில் மண் சரிவு சாதாரணம். 2013 ஜூனில் கேதார்நாத்தில் நடந்த வெள்ளக் கொடுமையை மறக்க முடியுமா? நவம்பர் தொடங்கி ஜனவரி வரை டெல்லியில் புகையும் மூடுபனியும். வீஸிங் உள்ளவர்களை அந்தச் சமயத்தில் நான் அனுப்பவே மாட்டேன். பிப்ரவரி, மார்ச்சில் டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் சுகமாக இருக்கும். ஆனால் பத்ரிநாத், கேதார்நாத் கோயில்கள் அப்போது பனியில் மூடிக் கிடக்கும்; ஏப்ரல் கடைசி அல்லது மே மாதம்தான் நடை திறப்பார்கள், தீபாவளியை ஒட்டியும் அதற்குப் பிறகும் மூடிவிடுவார்கள்.

ஆகவே இரண்டையும் ஒரே டூரில் பார்த்தே தீரணும் என்றால், அக்டோபர் முதல் பாதிதான் வழி. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இடிக்கிறதா? அப்போ டூரை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். பெரியவர்களுக்கு யாத்திரை தனி, பிள்ளைகளுக்கு தாஜ்மகால் தனி. செலவு கூடத்தான் செய்யும். ஆனாலும் என் ஓட்டு அதற்குத்தான்.

உயரம்தான் அடுத்த விஷயம். ரிஷிகேஷ் சுமார் 350 மீட்டர், பத்ரிநாத் 3,100, கேதார்நாத் 3,580. கொடைக்கானலில் நன்றாக இருந்தவருக்கு அங்கேயும் ஒன்றும் ஆகாது என்று நினைக்க வேண்டாம். 2,500 மீட்டரைத் தாண்டினாலே சிலருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரும். ஒரே நாளில் அடித்துப் பிடித்து ஏறாமல், வழியில் ஜோஷிமட் மாதிரி ஓர் ஊரில் ஓர் இரவாவது தங்குங்கள். ஹெலிகாப்டரில் போகிறவர்கள் "நாங்க நடக்கலையே" என்பார்கள். சில நிமிஷத்தில் மேலே போய் இறங்கினால் உடம்பு பழக நேரம் ஏது?

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா, சளியோடு இருமலா, நடை தள்ளாடுகிறதா, பேச்சு குழறுகிறதா... உடனே கீழே இறக்குங்கள், ராத்திரியானாலும் சரி! ஆக்ஸிஜன் கிடைத்தால் கொடுங்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், இதற்குக் கஷாயம் கிடையாது. கற்பூரத்தை முகர்ந்தால் ஆக்ஸிஜன் ஏறும் என்று பொட்டலம் கட்டிக்கொண்டு போகிறார்கள். மூக்குக்கு ஜில்லென்று இருக்கும், அவ்வளவுதான். குழந்தை எடுத்து விழுங்கிவிட்டால் வலிப்பே வந்துவிடும்.

இன்னொன்று, பெண்கள் வெளியே சொல்லாத விஷயம். "பஸ்ஸை எங்கே நிறுத்துவாங்களோ" என்று பயந்து தண்ணீர் குடிப்பதையே விட்டுவிடுகிறார்கள். வேலூர்ப் பக்கத்திலிருந்து உறவுக்காரர் வீட்டுக்கு வந்திருந்த ஓர் அம்மா, பத்து நாள் காசி யாத்திரையில் பிரஷருக்கான நீர் பிரியும் மாத்திரையையும் சேர்த்து நிறுத்தியிருக்கிறார். "அதைப் போட்டா அடிக்கடி போகணுமே டாக்டர்..." என்றார். கால் இரண்டும் வீங்கி, படுக்க முடியாமல் மூச்சு வாங்க என்னிடம் வந்தார். நேரே இதய டாக்டரிடம் அனுப்பினேன். மாத்திரையை எந்த நேரத்தில் போடுவது என்று கிளம்புமுன் உங்கள் டாக்டரிடம் கேட்டால் மாற்றிச் சொல்லித் தருவார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டி நிற்க வேண்டும் என்று டூர்காரரிடம் முன்கூட்டியே கறாராகப் பேசிவிடுங்கள்.

பையில் என்ன வைக்கலாம்? தினசரி மாத்திரைகள், போகும் நாட்களைவிட ஐந்து நாளுக்குக் கூடுதலாக. மருந்துச் சீட்டும் கூடவே. இன்சுலினை வெயிலில் வண்டிக்குள் விட்டுவிடக் கூடாது, பனியில் உறையவும் விடக் கூடாது. மலையில் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நம் பங்குக்குச் சுக்கு, மல்லி, ஏலம் பொடித்த தூள் ஒரு டப்பா, ஓமம் கொஞ்சம், உப்பில் ஊறிய நாரத்தங்காய். மலைப் பாதையில் வாந்தி எடுப்பவர்களுக்குக் காலையில் இரண்டு இட்லி போதும். பூரி, வடை வேண்டாம். சின்ன இஞ்சித் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு முன் சீட்டில் உட்காரட்டும். செல்போனைப் பார்க்கக் கூடாது. உயரத்தில் தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும், கொடைக்கானலிலேயே 93 டிகிரிதான். பருப்பு அரைவேக்காடாக இருந்தால் வயிறு உப்புசம்தான். கடலை, ராஜ்மாவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கானலுக்கே போவதானாலும், 2024 மே முதல் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்திருக்கிறது. பத்ரிநாத், கேதார்நாத்துக்கும் முன்பதிவு வேண்டும். கிளம்புகிற வாரத்தில் விதிகளை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பியதும் இரண்டு மூன்று நாளைக்கு ரசம், மோர், கஞ்சி என்று வயிற்றுக்கு ஓய்வு கொடுங்கள். பிறகு ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், "அலைச்சல்தான்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். டாக்டரிடம் போய், எந்தெந்த ஊரில் எத்தனை நாள் தங்கினீர்கள் என்று சொல்லுங்கள். மலேரியாவா, டெங்குவா என்று ரத்தம் பார்க்க அவருக்கு அந்தப் பட்டியல்தான் வேண்டும்.