ஈர நிலத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி வைத்தல்

மாரி காலத்தில், மாலையில் ஒழுங்காக நிறுத்திவிட்டுப் போன மோட்டார் சைக்கிள் விடியும்போது சரிந்து கிடப்பதை நம்மில் பலர் கண்டிருப்போம். யாரோ தட்டி விழுத்திவிட்டதாக எண்ணிப் பிள்ளைகளை ஏசுவோம். பெரும்பாலும் அவர்களில் குற்றமிராது. சைட் ஸ்ராண்ட் இரவோடிரவாக மண்ணுக்குள் இறங்கியிருக்கும்.

இது சிறிய விடயமாகத் தோன்றலாம். ஆனால் இடம்பெயர்ந்து வாழும் குடும்பத்துக்கு அந்த ஒரு வாகனந்தான் வயலுக்கு உரமேற்றுவது, சந்தைக்கு மரக்கறி கொண்டுபோவது, இரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது எல்லாம். கிளச் பிடி முறிந்தால் அன்றைய தொழில் போய்விடும். அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. தறப்பாள் கொட்டில்களில் அடுப்புக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இடையில் சில அடி தூரமே இருக்கும். வாகனம் சரிந்தால் தாங்கி மூடியாலும் காபரேற்றராலும் பெற்றோல் கசியும். பெற்றோல் ஆவி காற்றிலும் பாரமானது. அது மேலே எழுந்து போய்விடாமல் நிலத்தோடு ஊர்ந்து நெருப்பைத் தேடிப் போகும். ஆகவே, நிறுத்தும் இடத்தை அடுப்பிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். சிறுபிள்ளைகள் விளையாடும் பக்கமும் வேண்டாம்.

ஸ்ராண்ட் ஏன் புதைகிறது? 100 சிசி மோட்டார் சைக்கிள் ஒன்று ஏறக்குறைய 110 கிலோ பாரமுள்ளது. இதில் பெரும்பகுதியை இரண்டு சில்லுகளும் தாங்குகின்றன. ஸ்ராண்டில் இறங்குவது ஒரு பங்கு மட்டுமே. அதை 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஸ்ராண்டின் பாதம் 10 சதுர சென்ரிமீற்றர் அளவுதான் என்றால், ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றர் மண்ணையும் 2 கிலோ அழுத்துகிறது. நனைந்த களிமண் இதைத் தாங்காது. அதே ஸ்ராண்டின் கீழ் 15 சென்ரிமீற்றர் நீள அகலமுள்ள பலகைத் துண்டொன்றை வைத்தால், பாரம் 225 சதுர சென்ரிமீற்றரில் பரவி, அழுத்தம் இருபதில் ஒரு பங்குக்கும் குறைந்துவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஸ்ராண்ட் சிறிது இறங்கியதும் வாகனம் அந்தப் பக்கம் கூடுதலாகச் சாய்கிறது. சாய்ந்ததும் ஸ்ராண்டில் பாரம் கூடுகிறது. பாரம் கூட, மேலும் இறங்குகிறது. நிறுத்தும்போது அசையாமல் நின்ற வாகனம் இரண்டு மணித்தியாலம் கழித்து விழுவது இதனால்தான். நீங்கள் பார்த்துக்கொண்டு நின்ற ஐந்து நிமிடம் எதற்கும் சாட்சியாகாது. 50 கிலோ உர மூட்டையைச் சீற்றில் கட்டியபடியே நிறுத்தினால் விழுவது இன்னும் விரைவாக நடக்கும். மூட்டையை முதலில் இறக்கிவிடுங்கள்.

நிலத்தைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. ஒற்றைக் காலில், செருப்பில்லாமல், குதிக்காலில் மட்டும் பாரத்தைக் கொடுத்து நின்று பாருங்கள். வளர்ந்த ஒருவரின் குதிக்கால் கொடுக்கும் அழுத்தமும் ஸ்ராண்ட் கொடுக்கும் அழுத்தமும் ஏறக்குறைய ஒன்றுதான். குதிக்கால் புதைந்தால் ஸ்ராண்டும் புதையும். ஆனால் காய்ந்த நிலத்தில் செய்த சோதனை மழைக்குப் பின் செல்லாது. முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களி கோடையில் வெடித்துக் கல்லாகக் கிடக்கும். ஒரு நல்ல மழையோடு அதுவே சேறாகிவிடும். தாவாரத் தண்ணீர் விழும் கோடு, கிணற்றடி, மூடிய குழியின் மேல், புதிதாகக் கட்டிய வரம்பு ஆகியவை எந்த ஊரிலும் நம்பக்கூடாத இடங்கள். முல்லைத்தீவுக் கரையோரம் போன்ற தளர்ந்த மணலில் மண் பக்கங்களுக்கு விலகி ஓடுவதால் இன்னும் அகலமான பலகை வேண்டும்.

சொந்தக் காணி என்றால் சீமெந்து போட்டுவிடலாம். இரவல் காணியில் இருப்பவர்கள் அப்படிச் செய்யத் தயங்குவது நியாயமே. அவர்களுக்கு, எங்கே போனாலும் கூடவே கொண்டுபோகக்கூடிய பலகைத் துண்டுதான் சிறந்தது. ஆறு அங்குலச் சதுரம், முக்கால் அங்குலத் தடிப்புப் போதும். பனம்பலகை நன்றாக உழைக்கும். மேற்பக்க ஓரங்களில் பழைய ரயர்ப் பட்டியை ஆணியடித்தால் ஸ்ராண்ட் வழுக்காது. ஒரு மூலையில் துளையிட்டு நீளக் கயிறு கட்டி, மறு நுனியைக் கைபிடியில் மாட்டிவிடுங்கள். புறப்படும்போது குனியாமல் இழுத்தெடுக்கலாம். மறந்து விட்டுப் போகவும் மாட்டீர்கள்.

தடித்த பலகை இன்னும் நல்லது என்று நினைத்து முழுச் செங்கல்லை வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. இடப்பக்கம் உயர்ந்தால் வாகனம் நிமிர்ந்து நிற்கும். சிறு காற்றுக்கும் வலப்பக்கம் விழுந்துவிடும். ஓட்டுத்துண்டு வெடிக்கும். பால்மா ரின் தகரம் மடிந்து ஸ்ராண்டோடு சேர்ந்தே உள்ளே போகும். சிரட்டையும் உதவாது. வழியில் எதுவும் கிடைக்காவிட்டால், பனைமட்டைத் துண்டுகள் மூன்றை நெருக்கமாக அடுக்கி வைத்துச் சமாளிக்கலாம்.

இரும்பு வேலை செய்யுமிடத்தில் ஸ்ராண்டின் பாதத்தில் 3 மில்லிமீற்றர் தகடொன்றை ஒட்டுவித்தும் கொள்ளலாம். உள்ளங்கையின் பாதியளவுக்கு மேல் வேண்டாம். ஸ்ராண்டை மடித்ததும் தகடு சங்கிலியிலோ, இடப்பக்கம் திரும்பும்போது நிலத்திலோ முட்டாமலிருக்க வேண்டும். ஸ்பிறிங் தளர்ந்திருந்தால் அதையும் அப்போதே மாற்றிவிடுங்கள். ஓடும்போது தானாக விழும் ஸ்ராண்ட் ஆளைக் கொல்லும்.

சரிவான இடத்தில் முன்பக்கம் மேட்டை நோக்க நிறுத்தி, முதலாம் கியரில் விட்டு, கைபிடியை இடப்பக்கம் முழுதாகத் திருப்புங்கள். வாகனம் முன்னுக்கு உருண்டால் ஸ்ராண்ட் மடிந்துவிடும் என்பதால்தான் இது. டபிள் ஸ்ராண்ட் போடுபவர்கள் இரண்டு கால்களுக்கும் சேர்த்து ஒரே நீளப் பலகை வைக்க வேண்டும். தனித்தனித் துண்டுகளில் ஒன்று மட்டும் இறங்கினாலும் வாகனம் சரியும்.

இவ்வளவுக்கும் பிறகு விழுந்து கிடந்தால், முதலில் அருகிலுள்ள அடுப்பையும் விளக்கையும் அணையுங்கள். பெற்றோல் குழாயைப் பூட்டுங்கள். இடப்பக்கம் விழுந்ததைத் தூக்கும்போது மறுபக்கம் ஒருவர் நின்று தாங்கட்டும். இல்லாவிட்டால் நிமிர்ந்த வேகத்தில் அந்தப் பக்கம் போய்விடும். உடனே உதைத்து ஸ்ராட் செய்ய வேண்டாம். பற்றறி அமிலம் ஒழுகியிருந்தால் கையால் தொடாமல் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். ஒயில் அளவைப் பார்த்து, சிந்திய பெற்றோல் காய்ந்து மணம் போனபின், வாகனத்தை வெளியே தள்ளிக்கொண்டுபோய் ஸ்ராட் செய்யுங்கள்.