பயணத்தில் கேமரா: கனம் குறைந்தால் படம் கெடுமா?

விடுமுறைக்குப் புறப்படும்போது பலர் வீட்டில் இருக்கும் கேமராவையும் எல்லா லென்ஸ்களையும் பையில் அடுக்கிவிடுகிறார்கள். முதல் நாள் பை தோளில் இருக்கும். இரண்டாம் நாள் தோள் வலிக்கும். மூன்றாம் நாள் பை தங்கும் விடுதி அறையிலேயே தங்கிவிடும். எவ்வளவு விலை உயர்ந்த கேமராவாக இருந்தாலும் அறையில் இருந்தபடி அது படம் எடுக்காது.

சபாவில் உள்ள கினபாலு மலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் உச்சி 4,095 மீட்டர். ஏறத்தாழ 3,270 மீட்டர் உயரத்தில் இரவு ஓய்வெடுப்பவர்கள், சூரிய உதயத்தை உச்சியில் காண்பதற்காகப் பின்னிரவு இரண்டு மணியளவில் மீண்டும் நடக்கத் தொடங்குகிறார்கள். காற்று மெலிந்த அந்த உயரத்தில் ஒவ்வோர் அடிக்கும் மூச்சு வாங்கும். பையை அடிவாரத்திலோ தங்குமிடத்திலோ விட்டுவிட்டால் தோளுக்குச் சுகம்தான். ஆனால், வானம் சிவக்கும் வேளையில் கையில் கேமரா இருக்காது.

கனம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலோர் கேமராவின் எடையை மட்டுமே பார்த்து வாங்குகிறார்கள். உண்மையில் சுமையைக் கூட்டுபவை லென்ஸ்கள். ஒளியைப் பதிவு செய்யும் சென்சார் பெரிதானால், அதற்கு ஒளியைக் கொண்டு சேர்க்கும் கண்ணாடிகளும் பொதுவாகப் பெரிதாகும். 'ஃபுல் ஃபிரேம்' சென்சாரின் அளவு 36×24 மில்லிமீட்டர். 'மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்' சென்சார் 17.3×13 மில்லிமீட்டர்தான். அதில் 150 மில்லிமீட்டர் லென்ஸைப் பொருத்தினால், ஃபுல் ஃபிரேமில் 300 மில்லிமீட்டர் லென்ஸ் காட்டும் அதே நெருக்கமான காட்சி கிடைக்கும்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். கேனன் 5டி மார்க் 4 கேமரா பேட்டரியுடன் சுமார் 890 கிராம். அதற்குரிய 24-70 லென்ஸ் (எஃப் 2.8) 805 கிராம், 70-200 லென்ஸ் (எஃப் 2.8) 1,490 கிராம். மொத்தம் மூன்று கிலோவைத் தாண்டுகிறது. பல விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான் அனுமதி. கண்ணாடி இல்லாத 'மிரர்லெஸ்' வகையைச் சேர்ந்த சோனி ஏ6000 கேமரா 344 கிராம். அதன் 16-50 லென்ஸ் 116 கிராம், 55-210 லென்ஸ் 345 கிராம். மூன்றும் சேர்ந்தே 805 கிராம்தான், அதாவது முன்னதில் ஒரே ஒரு லென்ஸின் எடை.

இழப்பே இல்லையா?

உண்டு. சிறிய லென்ஸ்கள் நெருக்கிப் பார்க்கும்போது பெரும்பாலும் எஃப் 5.6 அளவுக்கே திறக்கும். எஃப் 2.8 லென்ஸ் உள்ளே விடும் ஒளியில் அது கால் பங்குதான். விளக்கு மங்கிய கோயில் மண்டபத்திலும் இரவுச் சந்தையிலும் இந்தக் குறை தெரியும். எஃப் 1.8 அளவுள்ள சிறிய, ஜூம் இல்லாத லென்ஸ் ஒன்றைச் சேர்த்துக்கொள்வது இதற்கு மாற்று. சோனியின் 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஏறத்தாழ 155 கிராம்தான்.

அகன்ற இயற்கைக் காட்சிகளுக்கும் குழுப் படங்களுக்கும் இன்றைய கைத்தொலைபேசியே பெரும்பாலும் போதும். எனவே, அதனால் இயலாததற்கு மட்டும் லென்ஸ் எடுத்துச் செல்வது புத்திசாலித்தனம். பறவை, விலங்கு என்றால் நெடுந்தொலைவு லென்ஸ். இரவுத் தெரு என்றால் எஃப் 1.8.

மறக்கக்கூடாதவை

குளிரில் பேட்டரி விரைவில் தீரும். மலையேறுபவர்கள் கூடுதல் பேட்டரியைச் சட்டையின் உள்பையில் உடல் சூட்டோடு வைத்திருக்க வேண்டும். விமானப் பயணத்திலும் அதைப் பெட்டியில் போட்டு அனுப்பக்கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும். குளிர்சாதன அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் பனி படர்வது நம் நாட்டு வெப்பத்தில் வழக்கம். கேமராவைப் பைக்குள் மூடியபடியே சிறிது நேரம் வைத்திருந்தால் அதைத் தவிர்க்கலாம்.

கனத்தைக் குறைக்கும் ஆசையில்தான் இன்றைய கேமராவின் முன்னோடியே பிறந்தது. ஜெர்மனியின் ஆஸ்கர் பார்னாக், பெரிய தட்டுக் கேமராவைச் சுமக்க முடியாமல் திரைப்படச் சுருளைக் கொண்டு சிறிய கேமராவை உருவாக்கினார். அதுவே 1925இல் 'லைக்கா' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

பயணத்திற்கு முன், எடுத்துச் செல்லும் பொருள்கள் அனைத்தையும் பையில் போட்டுக்கொண்டு பத்துமலையின் 272 படிகளை ஒருமுறை ஏறி இறங்கலாம். எதை வீட்டில் விட வேண்டும் என்பதைத் தோளே சொல்லிவிடும்.