கொப்பியில் இருப்பதும் புத்தகம்தான்

பேசாலையில் ஓர் அக்கா, காணாமற்போன தன் மகனைப் பற்றி மூன்று கொப்பிகள் நிறைய எழுதி வைத்திருக்கிறார். "இதைப் புத்தகமாக்க ஏலுமோ பிள்ளை?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்காகவே நூல் வெளியீடு பற்றிய இணையவழிப் பாடநெறி ஒன்றில் சேர்ந்தேன்.

அறிந்தவற்றைச் சொல்கிறேன். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவுடனேயே ஆக்கம் எழுதியவருக்கு உரித்தாகிறது. பதிவு தேவையில்லை. அவரின் மறைவுக்குப் பின்னும் 70 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். எழுத்தில் கொடுத்தால் மட்டுமே அது கைமாறும். ஆகவே வாசிக்காமல் எதிலும் ஒப்பமிடாதீர்கள். ஐ.எஸ்.பி.என். என்னும் 13 இலக்க நூல் எண்ணைக் கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை வழங்குகிறது. அச்சிடப் பணமில்லையென்றால், அமேசனின் கிண்டில் தளத்தில் கட்டணமின்றி மின்னூலாக வெளியிடலாம். அது தமிழையும் ஏற்கிறது.

பாடநெறி சொல்லாததை அக்கா சொன்னார்: "என்ர பிள்ளையின்ர பேர் இருக்கட்டும். மற்றத் தாய்மாரின்ர பிள்ளையளின்ர பேரை அவையளிட்டைக் கேட்டுத்தான் போடவேணும்."

உண்மைதான். இணையத்தில் ஏற்றிய பெயரைப் பிறகு முற்றாக அழிக்க முடியாது. முதற்கொப்பியைத் தட்டச்சு செய்துகொண்டே, வீடு வீடாகப் போய்க் கேட்டும் வருகிறோம்.

சகோதரிகளே, உங்கள் கொப்பிகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.