வேப்பனப்பள்ளிக்கு 'நீமோ' வரலாமா? கடல் மீன் வாங்கும் முன் ஒரு மாதம் பொறுங்கள்!

கர்நாடகமும் ஆந்திராவும் பக்கத்தில் இருக்கும் ஊர் வேப்பனப்பள்ளி. கடலைப் பார்க்க சென்னைக்குப் போவதென்றால் 250 கிலோமீட்டருக்கு மேல் பயணம். இந்த ஊரில், வீட்டு ஹாலில் கடல் மீன் வளர்க்க முடியுமா? தாராளமாக முடியும். ஆனால், தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கி வந்தால் மீன் பிழைப்பது கஷ்டம்.

தண்ணீர்தான் முதல் வேலை

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே அதுதான் முக்கியக் காரணம். எனவே போர்வெல் தண்ணீர் வேண்டாம், ஆர்.ஓ. தண்ணீர் எடுங்கள். சமையல் உப்பும் உதவாது, அதில் கால்சியம், மக்னீசியம் போன்றவை போதாது. மீன்தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்புக் கலவையை வாங்குங்கள். 100 லிட்டருக்குச் சுமார் மூன்றரை கிலோ தேவைப்படும். ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025 காட்ட வேண்டும். தண்ணீரின் வெப்பநிலை 25-26 டிகிரியில் இருக்கட்டும்.

தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால் குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றுங்கள்.

ஏன் ஒரு மாதம்?

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகும். அது மீனுக்கு விஷம். பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அதிகம் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றும். புதுத் தொட்டியில் அந்த பாக்டீரியாக்கள் போதிய அளவு இருக்காது. மீன் இல்லாத தொட்டியில் ஃபில்டரை ஓடவிட்டு, அவ்வப்போது ஒரு சிட்டிகை தீனி போட்டுவந்தால், பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்களில் பெருகிவிடும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு இரண்டும் பூஜ்ஜியத்துக்கு வந்தால் தொட்டி தயார்.

எந்த மீன்?

கடைகளில் கிடைக்கும் கடல் மீன்களில் பல, பவளப்பாறைகளிலிருந்து பிடித்து வரப்படுபவை. 'நீமோ' என்று குழந்தைகள் கொண்டாடும் கோமாளி மீன் அப்படி வர வேண்டியதில்லை. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் அதைப் பண்ணையில் குஞ்சு பொரிக்க வைத்திருக்கின்றன. கடையில், "பண்ணையில் வளர்ந்ததா?" என்று கேட்டு வாங்குங்கள். முதலில் இரண்டு போதும்.

பவளமும் கடல்குதிரையும் வேண்டவே வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் கீழ் அவற்றை வாங்குவதும் விற்பதும் குற்றம். அலங்காரத்துக்கு செராமிக் கற்கள் போதும்.

பயண நாளில்...

* கிளம்புவதற்கு முந்தைய 24 மணி நேரம் தீனி போட வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். கடைத் தொட்டியின் உப்பு அளவையும் கேட்டு, உங்கள் தொட்டியில் அதே அளவை வைத்துக்கொள்ளுங்கள்.
* இரட்டைப் பையில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன். பையை தெர்மாகோல் பெட்டியில் வைத்து, வெயில் தாழ்ந்த பிறகு கிளம்புங்கள்.
* வீட்டுக்கு வந்ததும் தொட்டி விளக்கை அணைத்து, பையைப் பிரிக்காமல் 20 நிமிடம் மிதக்கவிடுங்கள்.
* பிரித்த பிறகு தாமதிக்காதீர்கள். மீன் வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடு பைக்குள் இருக்கும்வரை அம்மோனியாவின் விஷம் அடங்கியிருக்கும். அது வெளியேறியதும் விஷம் ஏறும்.
* மீனை மட்டும் தொட்டியில் விட்டு, பைத் தண்ணீரைக் கீழே கொட்டிவிடுங்கள்.

கரன்ட் போனால் தொட்டியில் ஆக்சிஜன் குறையத் தொடங்கும். எனவே பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை மீனுக்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.