கடலை வேரின் கொடுக்கல் வாங்கல்

நிலக்கடலையைச் சுவைக்காதவர் நம்மில் எவருமிலர். ஆயினும் கடலைச் செடியைப் பிடுங்கியவுடன் நம் கண்கள் காய்களையே நாடுகின்றன. வேரைப் பார்ப்பவர் மிகச் சிலரே. தோழியரே, பூக்கும் பருவத்திலுள்ள ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து நீரில் அலசிப் பாருங்கள். பக்கவேர்கள் கிளைக்கும் இடங்களில் கடுகளவிலும் அதைவிடச் சற்றுப் பெரிதாகவும் சிறு உருண்டைகள் ஒட்டியிருக்கும். இவையே வேர் முடிச்சுகள். நூற்புழுவால் உண்டாகும் வீக்கம் என்று இவற்றைச் சிலர் எண்ணி அஞ்சுவதுண்டு. நூற்புழு தாக்கினால் வேரே பருத்துப் போகும். வேர் முடிச்சோ விரலால் தேய்த்தால் எளிதில் உதிர்ந்துவிடும்.

இவ்வுருண்டைகளுக்குள் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. செடிக்குத் தழைச்சத்து தேவை, அதாவது நைட்ரஜன். காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜனே. ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டு கிடப்பதால் எந்தச் செடியாலும் அதை நேரே எடுத்துக்கொள்ள இயலாது. உரத் தொழிற்சாலையில் இக்கட்டை அவிழ்க்க 400 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பமும், காற்றழுத்தத்தைப் போல் நூறு மடங்குக்கும் மேலான அழுத்தமும் வேண்டும். அதே வேலையைக் கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர், மண்ணின் சாதாரணச் சூட்டிலேயே செய்து முடிக்கிறது!

இதை ஐயமற நிறுவியவர்கள் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்னும் ஜெர்மானிய அறிஞர்கள். நைட்ரஜன் சத்தே இல்லாத மணலைச் சுட்டுத் தூய்மை செய்து பட்டாணியை வளர்த்தபோது அது வாடி மெலிந்தது. வயல் மண்ணை ஊறவைத்த நீரைச் சிறிது ஊற்றியதும் முடிச்சுகள் தோன்றிச் செடி செழித்தது. 1886-இல் இவ்வுண்மையை அவர்கள் வெளியிட்டனர். இரண்டாண்டுகளில் ஹாலந்து நாட்டு பெய்ஜரிங்க் முடிச்சிலிருந்து அந்தப் பாக்டீரியாவையே பிரித்தெடுத்தார்.

இவ்விருந்தாளி வேருக்குள் எவ்வாறு நுழைகிறது? வேர் சில பொருள்களை மண்ணில் கசியவிட்டு அழைப்பு விடுக்கிறது. பாக்டீரியா தன் பங்குக்கு வேறொரு பொருளைச் சுரந்து விடை கூறுகிறது. அதை உணர்ந்ததும் பட்டாணியின் வேர்த்தூவி சுருண்டு வழிவிடும். கடலையில் அப்படியன்று, பக்கவேர் வெளிவரும்போது உண்டாகும் வெடிப்பே வாயில்.

உள்ளே வந்தபின் ஒரு சிக்கல். நைட்ரஜனைப் பிணைக்கும் நொதியை ஆக்சிஜன் கெடுத்துவிடும். பாக்டீரியா சுவாசிக்கவோ ஆக்சிஜன் வேண்டும். ஆகவே நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு சிவப்புப் பொருள் முடிச்சுக்குள் உண்டாகி, ஆக்சிஜனை அளந்து அளந்து வழங்குகிறது. முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாயிருந்தால் வேலை நடக்கிறது. பச்சையாகிவிட்டால் அதன் காலம் முடிந்தது.

செடி இச்சேவையை இலவசமாகப் பெறுவதில்லை. இலையில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கை முடிச்சுக்கு அனுப்புகிறது. வேலை செய்யாதவனுக்கும் சோறு கிடைக்குமா? சோயா மொச்சையில் செய்து 2003-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், சில முடிச்சுகளுக்கு நைட்ரஜன் இல்லாத காற்றைக் கொடுத்துப் பார்த்தனர். பயனளிக்காத அம்முடிச்சுகளில் பாக்டீரியா குறைவாகவே பெருகியது. செடி அவற்றுக்கு ஆக்சிஜனைக் குறைத்ததற்கான அடையாளங்களும் காணப்பட்டன. எத்துணைக் கண்டிப்பான வீட்டுக்காரி! (மணிச்சத்துக்காகக் கடலை வேர் ஒருவகைப் பூஞ்சையோடும் உறவு வைத்திருக்கிறது. அது தனிக் கதை.)

இங்கேதான் உழவர் கைப்பணம் வீணாகும் இடமும் இருக்கிறது. யூரியாவை அள்ளி இட்டால் சத்து எளிதாகக் கிடைப்பதால் செடி முடிச்சு வளர்ப்பதைக் குறைத்துக்கொள்ளும். விதைக்கையில் சிறிதளவு இடுவது முறையே. அதற்குமேல் இடுவது, காற்றிலிருந்து கிடைப்பதைக் கடையில் வாங்குவதாகும். கடலை போட்டால் நிலம் தானே வளமாகும் என்பதும் பாதி உண்மைதான். சத்தின் பெரும்பகுதி பருப்பிலும் கொடியிலும் போய்விடுகிறது. கொடியைத் தின்ற மாட்டின் சாணமாவது வயலுக்குத் திரும்ப வேண்டும்.

கடலை விளையாத புது நிலத்தில் தக்க பாக்டீரியா இல்லாமற்போகலாம். அதற்கென ரைசோபியம் பொட்டலங்கள் விற்கப்படுகின்றன. ஆறிய அரிசிக் கஞ்சியில் அப்பொடியைக் கலந்து, விதையில் தோல் உரியாமல் மெல்லப் புரட்டி, நிழலில் உலர்த்தி உடனே விதைக்க வேண்டும். வெயிலில் காயவைத்தாலும், பூஞ்சைக்கொல்லி மருந்தோடு சேர்த்துப் பிசைந்தாலும் அவ்வுயிர்கள் மடிந்துவிடும்.