கடலை மிட்டாய் முதல் எண்ணெய்ப் பரோட்டா வரை: வெளியில் உண்ணும் நோயாளிகளுக்கு

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் பூமியில் ஊருக்கு ஒரு தின்பண்டம் உண்டு. கோவில்பட்டிக்குக் கடலை மிட்டாய், சாத்தூருக்குக் காராச்சேவு, திருவில்லிபுத்தூருக்குப் பால்கோவா, விருதுநகருக்கு எண்ணெய்ப் பரோட்டா, தூத்துக்குடிக்கு மக்ரூன், திருநெல்வேலிக்கு அல்வா. உறவினர் வீட்டிற்கு வெறுங்கையோடு செல்லும் வழக்கம் இங்கு இல்லை. இத்தகைய நிலத்தில் வாழும் ஒருவரிடம் நீரிழிவு அல்லது சிறுநீரக நோய் இருப்பதை நாங்கள் தெரிவித்ததும், அவர் கேட்கும் முதற் கேள்விகளுள் ஒன்று, "இனிமேல் வெளியில் எதுவுமே சாப்பிடக் கூடாதா, டாக்டர்?" என்பதாகும்.

"கூடாது" என்று ஒரே சொல்லில் விடையளிப்பது எங்களுக்கு எளிது. ஆயினும் அவ்விடை பெரும்பாலும் உண்பதை நிறுத்துவதில்லை. உண்டதைப் பற்றிய பேச்சை மட்டுமே நிறுத்திவிடுகிறது. ஆகவே தடைப் பட்டியல் ஒன்றை இங்கு அளிக்காமல், எந்த நோயாளி எந்தக் கடையில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை விளக்க முற்படுகிறோம்.

சொல்லாமல் விட்ட வடை

ஒருவர் நாள்தோறும் மாலையில் டீக்கடையில் இரண்டு வடையும் சர்க்கரை சேர்த்த தேநீரும் உட்கொள்கிறார் எனக் கொள்வோம். எங்களிடம் "வீட்டுச் சாப்பாடுதான்" என்கிறார். பரிசோதனையில் இரத்தச் சர்க்கரை கூடுதலாக உள்ளது. வீட்டுச் சாப்பாட்டிலேயே இவ்வளவு உயருமானால் மருந்து போதவில்லை என்றே நாங்கள் கருதுவோம். இன்சுலின் அளவைக் கூட்டுவோம். பின்னர் ஒரு நாள் கடை அடைத்திருக்கும், அல்லது விரத நாளாக இருக்கும். அன்று வடையும் இல்லை, தேநீரும் இல்லை. கூட்டப்பட்ட மருந்து மட்டும் உடலில் வேலை செய்துகொண்டிருக்கும். சர்க்கரை தாழ்ந்து அவர் மயங்கி விழக்கூடும். உண்ட வடையைக் காட்டிலும் சொல்லாமல் விட்ட வடையே அதிகத் தீங்கு விளைவிக்கிறது. வெளியுணவு பற்றி நோயாளிகள் மனம் திறந்து கூற வேண்டும் என நாங்கள் வலியுறுத்துவதன் காரணம் இதுவே.

கடலை மிட்டாய்: நன்மையும் எல்லையும்

கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. வறுத்த நிலக்கடலையும் வெல்லப்பாகுமே அதன் உயிர். நிலக்கடலையின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு புரதம், பாதியளவு கொழுப்பு. அக்கொழுப்பில் பெரும்பகுதி இதயத்திற்குக் கேடு செய்யாத வகையைச் சேர்ந்தது. வெல்லத்தின் நிலை வேறு. வெல்லமும் கருப்பட்டியும் சர்க்கரையை ஏற்றாது என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. இரண்டிலும் பெரும்பகுதி சர்க்கரையே. இரத்தத்தில் அவை சர்க்கரையைப் போலவே உயர்வை ஏற்படுத்தும். சர்க்கரை கட்டுப்பாட்டில் உள்ளவர் எப்போதாவது ஒரு சிறு துண்டை, அவ்வேளை உணவின் கணக்கில் சேர்த்து உண்ணலாம். பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்யும்போதுதான் அளவு கைமீறிப் போகிறது.

மற்றொரு பழக்கத்தையும் இங்குக் குறிப்பிட வேண்டும். சர்க்கரை தாழ்ந்தால் உதவும் எனக் கருதி நீரிழிவு நோயாளிகள் சிலர் பையில் கடலை மிட்டாயை வைத்திருக்கின்றனர். கடலையின் கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்தும். அவசர வேளையில் அது பயன்படாது. படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் தோன்றினால், அல்லது சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழ் இறங்கினால், 15 கிராம் குளுக்கோஸ் பொடியையோ மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ நீரில் கரைத்துப் பருகுங்கள். 15 நிமிடங்களுக்குப் பின் மீண்டும் பரிசோதித்து, உயரவில்லையெனில் மறுமுறையும் பருகுங்கள். வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் மாத்திரை உட்கொள்வோர் குளுக்கோஸ் பொடியையே வைத்திருக்க வேண்டும். அம்மாத்திரைகள் சாதாரணச் சர்க்கரை செரிப்பதைத் தாமதப்படுத்துபவை. நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றலாகாது, 108க்கு அழையுங்கள்.

பக்கவாதத்திற்குப் பின் விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கும், ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கும் கடலை மிட்டாயைக் கொடுக்க வேண்டாம். கடலை மூச்சுக்குழாயில் சிக்கக்கூடும். சிறுநீரக நோய் முற்றிய நிலையில் உள்ளோர், கடலையிலும் பாலிலும் உள்ள பாஸ்பரஸ், பொட்டாசியம் ஆகியவற்றைக் கருத்திற் கொண்டு, கடலை மிட்டாய், பால்கோவா இரண்டைப் பற்றியும் தம் மருத்துவரிடம் கேட்டுத் தெளிவது நலம்.

காராச்சேவும் கால் வீக்கமும்

இனிப்பைக் கண்டு அஞ்சும் பலர் காரத்தைக் கண்டு அஞ்சுவதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது. அது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. சாதம், குழம்பு, ஊறுகாய் ஆகியவற்றிலேயே அவ்வளவும் செலவாகிவிடும். அதற்கு மேல் கை நிறையக் காராச்சேவு சேரும்போது, இதயத் தளர்ச்சியோ சிறுநீரக நோயோ உள்ளவரின் உடலில் நீர் தேங்கத் தொடங்குகிறது. விளைவு உடனே தெரியாது. ஓரிரு நாட்களில் எடை கூடும், கால் வீங்கும், படுத்தால் மூச்சுத் திணறும். இவர்கள் நாள்தோறும் காலையில் எடை பார்த்துக் குறித்து வைப்பது நன்று. டயாலிசிஸ் சிகிச்சை பெறுவோர் உணவகத்தில் பருகும் தேநீர், ரசம், சாம்பார், மோர் அனைத்தையும் அன்றைய நீரின் அளவில் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

பரோட்டாக் கடையில் கடிகாரம்

இரவு நேரப் பரோட்டாக் கடையில் நீரிழிவு நோயாளிக்கு நேரும் முதல் ஆபத்து காத்திருப்பினால் வருவது. வீட்டில் இன்சுலின் போட்டுக்கொண்டு புறப்படுகிறார். பேருந்து தாமதமாகிறது, கடையில் கூட்டம், முக்கால் மணி நேரம் கழித்தே இலை விழுகிறது. அதற்குள் சர்க்கரை தாழ்ந்துவிடுகிறது. வெளியில் உண்ணும் நாளில் இன்சுலினை உடன் எடுத்துச் சென்று, கடையில் அமர்ந்து, உணவு வருவது உறுதியான பின் போட்டுக்கொள்ளும் முறை தமக்குப் பொருந்துமா என்பதை மருத்துவரிடம் முன்னரே கேட்டு அறிந்துகொள்ளுங்கள். சில இன்சுலின் வகைகளை உணவுக்கு அரை மணி நேரம் முன்பும், சிலவற்றை உணவு கைக்கு வரும் வேளையிலும் போட வேண்டும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளுக்கும் இக்கவனம் தேவை.

இரண்டாவது ஆபத்து தாமதமாக வருவது. எண்ணெய்ப் பரோட்டாவில் மைதாவும் எண்ணெயும் ஒருங்கே மிகுந்துள்ளன. எண்ணெய் செரிமானத்தை மெதுவாக்குவதால், இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது சர்க்கரை அளவு திருப்தியாகத் தோன்றி, நள்ளிரவில் உயரக்கூடும். முதலில் வெங்காயம், வெள்ளரி, முட்டை அல்லது கோழிக்கறியை உண்டு, பின்னர் ஒரு பரோட்டாவுடன் நிறுத்திக்கொள்வது பயன் தரும். காய்கறியையும் புரதத்தையும் முதலில் உண்டால் சர்க்கரை உயரும் வேகம் குறைகிறது. சால்னாவை ஊற்றி ஊறவைக்காமல் தொட்டு உண்டால் உப்பும் எண்ணெயும் குறையும்.

பேக்கரி அலமாரியின் முன்

தூத்துக்குடி மக்ரூன் முந்திரி, முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை ஆகிய மூன்றினால் ஆனது. மைதா இல்லை என்பதனால் அது நீரிழிவுக்கு உகந்ததாகிவிடாது. சர்க்கரையே அதில் பெரும்பங்கு. பப்ஸ், கிரீம் பன் போன்றவற்றில் கவலை கொழுப்பைப் பற்றியது. இதயக் குழாய்களுக்குக் கேடு செய்யும் டிரான்ஸ் கொழுப்பு, எண்ணெய்களிலும் வனஸ்பதி போன்ற கொழுப்புகளிலும் 2 சதவீதத்தைத் தாண்டலாகாது என்ற வரம்பு இந்தியாவில் 2022 சனவரி முதல் நடைமுறையில் உள்ளது. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதற்கும் சட்ட வரம்பு உண்டு. அவற்றை அளக்கும் கருவி நம் கையில் இல்லை, கண் இருக்கிறது. வாணலியில் எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைந்தால் அக்கடையில் இட்லி, இடியாப்பம் போன்ற ஆவியில் வெந்தவற்றைத் தேர்ந்தெடுங்கள். "சர்க்கரை சேர்க்காதது" என்று எழுதிய பிஸ்கட்டிலும் மைதா இருப்பதை மறவாதீர்கள்.

புற்றுநோய் மருந்து பெறுவோரும் உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டோரும் கண்ணெதிரே சமைத்துச் சூடாகப் பரிமாறப்படும் உணவை மட்டுமே வெளியில் உண்ண வேண்டும். நறுக்கி வைத்த பழம், நெடுநேரம் வெளியில் இருந்த தேங்காய்ச் சட்னி, கிரீம் வைத்த பண்டங்கள், ஆஃப்பாயில் முட்டை ஆகியவை இவர்களுக்கு வேண்டாம்.

பரிசோதனை நாளில்

முதல் பேருந்தில் வெறும் வயிற்றுடன் வந்து இரத்தம் கொடுத்தபின் உணவகத்திற்குச் செல்வோர் பலர். உணவுக்குப் பிந்தைய பரிசோதனைக்கான இரண்டு மணி நேரத்தை முதல் கவளம் உண்ட நேரத்திலிருந்து எண்ணுங்கள். வழக்கமான மருந்துடன், வழக்கமாக வீட்டில் உண்ணும் அளவையே உண்ணுங்கள். அன்று மட்டும் இரண்டு இட்லியோடு நிறுத்தினால், முடிவு உங்கள் அன்றாட நிலையைக் காட்டாது.

வீட்டாருக்குச் சில சொற்கள்

குடும்பத்துடன் உணவகம் சென்று, பெரியவருக்கு மட்டும் ஓர் இட்லியை வைத்துவிட்டு மற்றவர்கள் விருந்துண்பது கண்டிப்பாகத் தோன்றலாம். அவரை அது தனிமைப்படுத்துகிறது, பின்னர் ஒளித்து உண்ணவும் தூண்டுகிறது. ஒரு பரோட்டாவையோ ஒரு மக்ரூனையோ பகிர்ந்து உண்ணுங்கள். நோயாளியைக் கவனித்துக்கொள்பவர்களும் வேளைக்கு உண்ண வேண்டும்; வார்டு வாசலில் வெறும் தேநீரிலேயே நாளைக் கழிப்பது உங்கள் உடலுக்கும் நல்லதன்று.

அடுத்த முறை எங்களைக் காண வருமுன், ஒரு வாரம் உண்டவற்றை நேரத்துடன் ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். டீக்கடை வடையும் கடலை மிட்டாயும் அதில் விடுபடாமல் இருக்கட்டும். அதைப் படித்து நாங்கள் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டோம். மருந்தின் அளவையும் நேரத்தையும் அதற்கேற்ப அமைப்போம்.